கிஸ்தி போன வழியில்: மதுரை முதல் எட்டயபுரம் வரை ஏழு நாள்

பிப்ரவரி 11, செவ்வாய் – மதுரை

தைப்பூசத்தன்று தெப்பக்குளத்துக்கு ஆட்டோவை நம்பக் கூடாது. குளத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே தடுப்பு. "இதுக்கு மேல நடைதாண்ணே" என்று சொன்ன ஆட்டோக்காரர், பேசிய 120-ல் 20 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை ஓரங்கட்டி அவரும் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

மாரியம்மன் தெப்பக்குளம் 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. தண்ணீர் தானாக நிற்கும் குளமில்லை. வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாக வரவேண்டும். கால்வாய் அடைபட்டிருந்த பல வருடங்களில் தெப்பம் நிலைத்தெப்பமாகவே நின்றிருக்கிறது. இந்த முறை நல்ல தண்ணீர். கரையில் நின்று வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வந்தது. காலையில் இரண்டு சுற்று, இரவில் ஒரு சுற்று. தென்கரையில் நின்றால் வெயில் முகத்தில் அடிக்காது. குளத்தைச் சுற்றிப் பொரி, கடலை, வெட்டிய மாங்காய். பருத்திப்பால் 20 ரூபாய், சுக்கு தூக்கலாக.

மதுரையை முதல் நாளாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பிறகு வரும் சண்டைகள் எல்லாம் கிஸ்தி என்ற தவணை வரிக்காக, இங்கே போட்ட ஒரு கணக்கிலிருந்து கிளம்பியவை. விஜயநகரத்தின் ஆளாக வந்து மதுரையில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கியவர் விசுவநாத நாயக்கர். அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். கணக்கு எளிது. பாளையத்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. போர் என்றால் ஆளோடு வரவேண்டும். அமைதி என்றால் ஊர்க்காவல் பார்க்கவேண்டும், அதற்குத் தனியாகக் காவல் வரி. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் ஒவ்வொரு பாளையக்காரர் பொறுப்பு.

அந்தக் கோட்டையை இன்று தேடினால் தெருப்பெயர்தான் கிடைக்கும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இருக்கின்றன. மதில் நின்ற கோட்டுக்கு வெளியே போடப்பட்டவை வெளி வீதிகள். பெரியார் பஸ் நிலையம் பக்கம் மதிலின் ஒரு துண்டு மிச்சம். கடை போர்டுகளுக்கு நடுவே கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும்.

திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒரு மணி நேரம் போதும். 1636-ல் கட்டியது, 248 தூண்கள். பார்ப்பது கால் பங்குதான். பேரன் சொக்கநாதர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பெயர்த்தெடுத்துப் போனது போக, காலம் தின்றது போக, மீந்ததை 1860-களில் சென்னை ஆளுநர் நேப்பியர் பழுது பார்த்தார். 1970 வரை இங்கே கோர்ட் நடந்தது. அரசர் கொலுவிருந்த மண்டபத்தில் வாய்தா வாங்கிய பாட்டன்மார் மதுரையில் நிறைய வீட்டில் உண்டு.

மாலையில் மேலமாசி வீதி 251-ம் எண். 1921 செப்டம்பர் 22 காலையில் காந்தி முழு உடுப்பைக் களைந்து நாலு முழ வேட்டிக்கு மாறியது இந்த வீட்டு மாடியில். கீழே கதர்க் கடை. மாடிப்படி குறுகல், செருப்பைக் கீழேயே விடவேண்டும்.

பிப்ரவரி 12, புதன் – சிவகங்கை, காளையார்கோயில்

பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் திரும்பிக்கொண்டிருந்ததால் மாட்டுத்தாவணியில் உட்கார இடமில்லாமல் மூன்று பஸ்களை விடவேண்டியதாயிற்று. சிவகங்கை சேரும்போது பத்தரை. வெயில் அதற்குள் ஏறிவிட்டது.

சிவகங்கை தனி நாடானது ஒரு பாகப்பிரிவினையில். ராமநாதபுரம் சேதுபதி நாட்டில் 1720-களின் கடைசியில் நடந்த வாரிசுச் சண்டை முடிவில் நாட்டை ஐந்து பங்காக்கி, மூன்றை ராமநாதபுரமும் இரண்டைச் சசிவர்ணத் தேவரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பங்குதான் சிவகங்கைச் சீமை. அரண்மனை நகர் நடுவே இருக்கிறது. வாசல் வளைவு, உள்ளே கோயில், பின்னால் புதர்.

1772-ல், நாயக்கருக்குப் பின் வரி கேட்க வந்த ஆற்காடு நவாப், வரிபாக்கி என்று சொல்லி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜூன் 25-ல் காளையார்கோயிலில் அரசர் முத்துவடுகநாதர் விழுந்தார். ராணி வேலு நாச்சியார், பெண் குழந்தையோடும் மருது சகோதரர்களோடும் தப்பித் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் 8 ஆண்டு இருந்தார். சிவகங்கைக்கு 'உசேன் நகர்' என்று பெயர் மாறியது. ஹைதர் அலியின் படை உதவியோடு 1780-ல் ராணி ஊரைத் திரும்பப் பிடித்தார். இதை அடிக்கடி தனி வீரக்கதையாகவே சொல்லிவிடுகிறோம். 8 ஆண்டு ஒரு அரசி பக்கத்துப் பாளையங்களுக்கும் மைசூருக்கும் ஓலை எழுதி, ஆள் அனுப்பி, கூட்டணி சேர்த்த உழைப்பு அதில் மறைந்துபோகிறது. வாளை எடுத்தது கடைசியில்தான்.

சிவகங்கையிலிருந்து காளையார்கோயிலுக்குத் தொண்டி சாலையில் அரை மணி. இரண்டு ராஜகோபுரங்கள், பெரியது மருது சகோதரர்கள் எழுப்பியது. மானாமதுரையிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குமேல்தான். இடைப்பட்ட நேரத்துக்கு ஆனைமடு தெப்பக்குளக் கரை நல்ல நிழல்.

1801-ல் இந்த ஊரைச் சுற்றிக் காடு. கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குப் பாதை வெட்டத் தொடங்கி, ஒரு மாதத்துக்குமேல் பாடுபட்டுக் கைவிட்டது. வெட்டுகிறவர்களைக் காக்கத் தனிப்படை, அந்தப் படைக்குச் சோறு கொண்டுவர இன்னொரு படை, வெட்டிப்போட்ட மரத்துக்குப் பின்னாலிருந்தே சுடுகிற மருதுவின் ஆட்கள். நீளம் சில மைல்தான். ஆனால் ஒரு நாளில் போட்டதை ராத்திரியில் காக்க முடியவில்லை. கடைசியில் பல பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் நுழைந்து அக்டோபர் 1-ல் பிடித்தார்கள். இன்று பஸ் ஜன்னலில் தெரியும் முள்காட்டைப் பார்த்து 'இதுதான் அந்தக் காடு' என்று நினைக்கவேண்டாம். அது சீமைக் கருவேலம், பிற்காலத்தில் வந்து பரவியது.

அந்தப் படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற எறிதடி வீசவும் சொல்லிக்கொடுத்தவர் சின்ன மருதுதான். சமாதான நாட்களில் கற்றது. வெல்ஷே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

1801 ஜூன் 16-ல் சின்ன மருது பெயரில் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கையை இந்தப் பயணத்துக்கு முன் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. எல்லா வர்ணத்தாரையும் முசல்மான்களையும் ஒரே மூச்சில் விளித்து, நவாப் முட்டாள்தனமாக இடம் கொடுத்ததால்தான் வெள்ளைக்காரன் ஆள்கிறான் என்று காரணம் சொல்லும் அறிக்கை. ஒரு பாளையத்துக்காக எழுதியது இல்லை. மருது சகோதரர்கள் இருவரும் அக்டோபர் 24-ல் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பெரிய உடையாத் தேவர், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்பட 70-க்கு மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

இரவுச் சாப்பாடு சிவகங்கை பஸ் நிலையம் பக்கம். இரண்டு இட்லி, ஒரு கல்தோசை, 70 ரூபாய். குடல் குழம்பு தீர்ந்துவிட்டது என்பதைக் கடைக்காரம்மா தன் வீட்டுக் குற்றம் போலச் சொன்னார். "நாளைக்கு வாங்க தம்பி, எடுத்து வைக்கிறேன்."

பிப்ரவரி 13, வியாழன் – ராமநாதபுரம்

ராமலிங்க விலாசம் அரண்மனை அருங்காட்சியகத்துக்கு அப்போது வெள்ளி விடுமுறை. அதை வியாழக்கிழமையே முடித்துவிடவேண்டும் என்பதற்காகவே பயண வரிசை இப்படி. வெள்ளியன்று வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்களை அரண்மனை வாசல் டீக்கடைக்காரர் கணக்கு வைத்திருப்பார் போல. "நாளைக்கு வந்தீங்கன்னா எங்கிட்ட டீ மட்டுந்தான் கெடைக்கும்." டீ 12 ரூபாய்.

கிழவன் சேதுபதி காலத்தில், 17-ம் நூற்றாண்டுக் கடைசியில், எழுந்த கொலு மண்டபம். படியேறினால் நீண்ட தூண் மண்டபம், அதற்குள் மண்டபம். சுவரும் கூரையும் முழுக்க ஓவியம், 18-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. ராமாயணம், பாகவதம் ஒருபக்கம். தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை இன்னொரு பக்கம். பீரங்கி, குதிரை, துப்பாக்கி எல்லாம் வரிசையாக. ஐரோப்பியர்கள் தொப்பியோடு வந்து சேதுபதி முன்னால் நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அதில் அரசர் உட்கார்ந்திருக்கிறார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்புறம் மாடிக்குப் போகவேண்டும்.

வெளிச்சம் குறைவு, பிளாஷ் போடக்கூடாது. காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை பக்கவாட்டு வெளிச்சம் நன்றாக விழுகிறது. மதியத்துக்குமேல் கூரை ஓவியம் கண்ணுக்கே தட்டுப்படாது.

மாடி அறைக்கு வருவோம். 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை நவாப் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். எல்லாம் கடன். கம்பெனிப் படையை வாடகைக்கு எடுத்து, வாடகை கட்ட வெள்ளைக்காரத் தனியாரிடமே வட்டிக்கு வாங்கி, வட்டிக்கு நாட்டு வரியையே எழுதிக்கொடுத்த கதை. கலெக்டர் ஜாக்சன் கணக்குப்படி 1798 மே கடைசியில் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம் வைத்த பாக்கி 3310 வராகன். நேரில் வா என்று ஆள் அனுப்பினார். கட்டபொம்மன் போன இடமெல்லாம் கலெக்டர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். குற்றாலம், சிவகிரி என்று அலைந்து, கடைசியில் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி. அதற்குள் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது, நின்றது 1080 வராகன். கட்டபொம்மனையும் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். சிறைப்பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார், பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார். பேட்டி நடந்தது இந்த மாடியில்தான் என்று காட்டுகிறார்கள். கீழே சுவரில் வெள்ளைக்காரன் நிற்கிறான், மேலே பாளையக்காரர் நிற்கிறார். இடைவெளி 100 ஆண்டுகூட இல்லை.

வேடிக்கை, கம்பெனியே பிறகு விசாரணைக்குழு வைத்து ஜாக்சன் நடத்தையைத் தவறு என்று சொல்லிப் பதவியிலிருந்து தூக்கியது. பிள்ளையும் விடுதலையானார். மறு ஆண்டே லூஷிங்டன் கலெக்டராக இருந்தபோது சண்டை வந்தது.

சேதுபதி நாட்டின் முடிவு சத்தமில்லாதது. 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கைது செய்து அரியணை நீக்கினார்கள். 1803-ல் நாடு ஜமீன் ஆயிற்று, அவர் அக்காள் மங்களேசுவரி நாச்சியார் ஜமீன்தாரிணி. அதன்பின் சண்டையெல்லாம் வக்கீல் வைத்துத்தான். விதவை ராணி எடுத்த தத்து செல்லாது, வாரிசில்லாத ஜமீன் அரசுக்கே என்று மதுரைக் கலெக்டர் கேட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-ல் தோற்றது. சிவகங்கை ஜமீன் வழக்கில் கட்டம நாச்சியார் 1863-ல் ஜெயித்தார். இரண்டு தீர்ப்புகளும் இந்துச் சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றும் பாடம். வளரி வீசிய சீமைகள் எழுபது ஆண்டுக்குள் இந்துச் சட்டத்தையே திருத்தி எழுதவைத்திருக்கின்றன. வழியில் பார்த்த வரலாற்றுப் பலகைகள் எதிலும் இது இல்லை.

மதியம் மீன் சாப்பாடு 130 ரூபாய். குழம்பில் முண்டு மிளகாய் வாசம், காரம் மெதுவாகத்தான் தெரியும். இரண்டாம் தடவை சோறு கேட்டபோது கேட்காமலே ரசமும் வந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி – கடற்கரைச் சாலை, தூத்துக்குடி

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. மூன்றரை மணி நேரம் என்றார்கள். சாயல்குடி தாண்டி டயர் பஞ்சர், மாற்று டயருக்குக் காற்று இல்லை. ஒன்றே கால் மணி நேரம் பனங்காட்டு நிழலில். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு அம்மா கூடையைத் திறந்து அவித்த பனங்கிழங்கு விற்க ஆரம்பித்தார், கட்டு 40. நாரை உரிக்கும் விதம் பார்த்து, "ஊருக்குப் புதுசா? நடு நரம்ப எடுத்துட்டுத் திங்கணும்" என்று ஒன்றை வாங்கிப் பிளந்து காட்டினார்.

கீழக்கரையில் தொதல் வாங்கவேண்டும். தேங்காய்ப்பால், அரிசிமாவு, கருப்பட்டி, மணிக்கணக்கில் கிண்டியது. கால் கிலோ 90 ரூபாய், வெயிலில் பையில் வைத்தால் எண்ணெய் கசியும், டப்பா அவசியம். கிழவன் சேதுபதியின் அரசவையில் செல்வாக்கோடு இருந்த வள்ளல் சீதக்காதியின் ஊர் இது.

தூத்துக்குடியில் பழைய துறைமுகம் பார்க்காமல் 1906 புரியாது. வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் அந்த ஆண்டு அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர், ராமநாதபுரம் அரச குடும்பத்து உறவு. ஜமீன் என்றாலே கம்பெனிக்குச் சலாம் போட்டவர்கள் என்ற எண்ணத்தோடு நேற்றுவரை வந்திருந்தால் இங்கே திருத்திக்கொள்ளவேண்டும். முதலில் வாடகைக் கப்பல்தான் ஓட்டினார்கள். எதிர்க் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் மிரட்டிக் கப்பல் கொடுத்தவரைப் பின்வாங்கச் செய்தது. அதனால்தான் சொந்தக் கப்பல், 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு. கொழும்புக்குக் கட்டணத்தை எதிர்க் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறக்கியது, இவர்கள் எட்டணா. அவர்கள் இலவசம் என்றார்கள், குடையும் தருகிறோம் என்றார்கள். மூலதனம் ஆழமாக உள்ளவனோடு விலைப்போர் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

வ.உ.சி.யைக் கப்பல் மட்டும் சிறைக்கு அனுப்பவில்லை. 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் வேலைநிறுத்தம். கூலி, வேலை நேரம், ஞாயிறு விடுமுறை, சாப்பாட்டு இடைவேளை என்று கோரிக்கை, ஜெயித்தார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலகம், துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் இறந்தார்கள். அப்புறம் இரண்டு ஊர்களிலும் தண்டப் போலீஸ் வைத்து அதன் செலவை ஊர்க்காரர்களிடமே வரியாக வசூலித்தார்கள். காவல் வரியைப் பாளையக்காரரிடமிருந்து பிடுங்கிய சர்க்கார் 100 ஆண்டில் தானே காவல் வரி போட்டது. வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே கொடுத்தது இரண்டு ஆயுள், 40 ஆண்டுக் கணக்கு. மேல்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை.

இரவு பொரித்த பரோட்டா. இரண்டு பரோட்டா, நாட்டுக்கோழிச் சால்னா, 110 ரூபாய். "அண்ணாச்சி, நொறுக்கித் தரவா, முழுசாவா?" என்று கேட்பார்கள். நொறுக்கியதுதான் முறை.

பிப்ரவரி 15, சனி – ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி

ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு நினைவு இல்லம். அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு 3 கிலோமீட்டர். உள்ளூர்ப் பஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதுவும் பள்ளி விடுமுறை நாளில் வருமா என்று யாருக்கும் உறுதியில்லை. ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேரக் காத்திருப்பதைவிட விடியற்காலையில் நடந்துவிடலாம். கரிசல் காடு, கம்பும் பருத்தியும். ஒன்பது மணிக்குமேல் நிழல் என்று ஒன்று கிடையாது.

முன்னால் தெரியும் கோட்டை 1974-ல் அரசு எழுப்பியது. கல்லில் வாசல், உள்ளே ஓவியங்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும். பார்க்கவேண்டியது பின்னால், கம்பி வேலிக்குள் முழங்கால் உயரம்கூட இல்லாத அடித்தளக் கோடுகள். உண்மைக் கோட்டை முழுக்க மண். சுமார் 500 அடிக்கு 300 அடி, மதில் 12 அடி, மூலைகளில் சின்னச் சதுரக் கொத்தளங்கள், வெளியே முள்வேலி. கேட்கச் சாதாரணமாக இருக்கும். கல் மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் பிளக்கும், சரியும். வைக்கோல் குழைத்த கரிசல் மண்ணில் குண்டு புதைந்து நின்றுவிடும். உடைந்ததை ராத்திரியோடு ராத்திரியாக அப்பிவிடலாம். உடைப்பு வழியாக ஏறி வருகிறவனை உள்ளிருந்து நீள ஈட்டியால் குத்தலாம்.

1799 செப்டம்பர் 5-ல் கம்பெனிப் படையின் மேஜர் பானர்மன் எடுத்த நேரடித் தாக்குதல் இப்படித்தான் சிதறியது. பாளையங்கோட்டையிலிருந்து பெரிய பீரங்கி வரும் என்று தெரிந்ததும் கட்டபொம்மன் கோட்டையைவிட்டு வெளியேறினார். சிவசுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டார்கள். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக்கொடுத்தார். கோட்டை இடிக்கப்பட்டது.

இங்கே பலரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள். பெரிய சண்டை அதற்கப்புறம்தான். 1801 பிப்ரவரி 2-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஆறே நாளில் கோட்டை மறுபடி நின்றது. மண் கோட்டை என்பதால்தான் முடிந்தது, கல்லென்றால் ஆறு வருடம். மார்ச் 31-ல் மெக்காலே தலைமையில் ஏறிய படை பெரும் சேதத்தோடு திரும்பியது. அக்னியூ கனத்த பீரங்கிகளோடு வந்து மே 24-ல்தான் பிடிக்க முடிந்தது. காயத்தோடு ஊமைத்துரை சிறுவயலுக்குப் போய் மருதுவோடு சேர்ந்தார். புதன்கிழமை பார்த்த காடு இதன் தொடர்ச்சி. இந்தமுறை கோட்டையைத் தரைமட்டமாக்கி ஏர் ஓட்டினார்கள். ஊர்ப் பெயரையே ஏட்டிலிருந்து எடுத்தார்கள்.

செத்த வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகள் கொஞ்ச தூரத்தில் இருக்கின்றன. செங்கல், சுண்ணாம்பு, நன்றாகவே நிற்கின்றன. சண்டை நடந்ததற்கு இந்த ஊரில் இடிக்கப்படாமல் நின்ற ஒரே கட்டட சாட்சி எதிரியின் கல்லறைதான்.

சக்கதேவி கோயிலில் பூசாரி திருநீறு கொடுத்துவிட்டு, "சித்திரைல திருவிழாவுக்கு வாங்க, அப்பத்தான் ஊரு ஊரா இருக்கும்" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குச் சொம்பு நிறைய மோர். காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு – மணியாச்சி, பாளையங்கோட்டை

வாஞ்சி மணியாச்சி சந்திப்பு ஊரைவிட்டுத் தள்ளி, பொட்டலில். மதுரை–நெல்லை வழியிலிருந்து தூத்துக்குடிக் கிளை பிரியும் இடம். பாசஞ்சரில் வந்து இறங்கினால் அடுத்ததுக்கு வெகுநேரம். தண்ணீரும் பிஸ்கெட்டும் கையில் வேண்டும், பிளாட்பாரக் கடை ஞாயிறு திறக்கவில்லை. 1911 ஜூன் 17 காலை, கொடைக்கானல் போக நெல்லையிலிருந்து ரயிலில் இங்கே வந்து, முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார் கலெக்டர் ஆஷ். வாஞ்சிநாதன் சுட்டார், பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். ரயில் மாற நின்ற இடைவெளி இல்லையென்றால் நடந்திருக்காது. 1908-ல் தூத்துக்குடியில் துணைக் கலெக்டராக இருந்து சுதேசிக் கப்பலை ஒடுக்கியவர் ஆஷ்.

அவரைப் புதைத்தது பாளையங்கோட்டை ஆங்கிலத் திருச்சபைக் கல்லறைத் தோட்டத்தில். ஆராதனை முடிந்து போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வழிகாட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை, குடையை மட்டும் நீட்டினார், "வெயில் உச்சந்தலைல அடிக்கு, பிடிங்க."

பாளையங்கோட்டைக் கோட்டையில் ஒரு வாசல் மண்டபமும் சில துண்டுகளும்தான். ஊமைத்துரை தப்பிய கதையில் விறகுக் கட்டுக்குள் ஆயுதம் வந்தது என்பது ஊர் வழக்கு.

அல்வா வரிசை மாலை ஆறுக்கே சாலைக்கு வந்துவிட்டது. கால் கிலோ 80 ரூபாய். வாழை இலையில் சூடாக 50 கிராம் தனியாகக் கேட்டாலும் கொடுக்கிறார்கள்.

பிப்ரவரி 17, திங்கள் – கயத்தாறு, எட்டயபுரம்

நெல்லையில் "மதுரை, மதுரை" என்று கூவும் பைபாஸ் ரைடரில் ஏறினால் கயத்தாற்றில் நிற்காது. தெரியாமல் ஏறியதற்கு நடத்துனர் நாலுவழிச் சாலைப் பாலத்தடியில் இறக்கிவிட்டார். ஒன்றரை கிலோமீட்டர் நடை. கோவில்பட்டி போகும் சாதா பஸ்தான் ஊருக்குள் வரும்.

1799 அக்டோபர் 16. மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து உட்காரவைத்து, அவர்கள் கண்முன் விசாரணை என்று ஒன்று நடத்தி, கட்டபொம்மனுக்குப் புளியமரத்தில் தூக்கு. பார்க்க வந்தவர்களுக்கான பாடம் அது. நடிகர் சிவாஜி கணேசன் வைத்த சிலையும் பின்னர் அரசு கட்டிய மண்டபமும் சாலையோரம் இருக்கின்றன. அரை மணி போதும்.

கோவில்பட்டியில் பஸ் மாறும்போது கடலைமிட்டாய், கிலோ 240. எட்டயபுரம் பதினைந்து கிலோமீட்டர்.

எட்டயபுரம் பாளையம் கம்பெனி பக்கம் நின்றது. பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பகுதி இங்கே வந்தது. ஆகவே அரண்மனை நிற்கிறது. மாடம், தேக்குத் தூண், சுண்ணாம்பு உரிந்த சுவர். 1801 ஜூலை 31 உடன்படிக்கையில் கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆற்காடு நவாபின் நாடு முழுவதும் கம்பெனிக்குப் போனது. 1803-ல் இந்தப் பக்கத்துப் பாளையங்களுக்கு நிரந்தர ஜமீன் பட்டயம். ஆயுதம் வைக்கக்கூடாது, காவல் வரி வாங்கக்கூடாது, ஆண்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த பேஷ்குஷ் என்ற கப்பத்தைத் தவணை தவறாமல் கட்டவேண்டும், தவறினால் ஏலம். மூன்றில் ஒரு பங்கு என்பது விளைச்சலோடு ஏறி இறங்கும். நிர்ணயத் தொகை மழை பொய்த்தாலும் இறங்காது. அந்தச் சுமை கீழே குடியானவன் தலையில்தான் இறங்கியது.

இதே அரண்மனையை அண்டிப் பிழைத்த சின்னச்சாமி ஐயரின் மகன்தான் 1882-ல் பிறந்த சுப்பையா. 'பாரதி' பட்டம் கிடைத்ததும் இந்த ஊர் அவையில். அப்பா தொடங்கிய பருத்தி ஆலை நொடித்துப் போனது. பிறந்த வீடு திண்ணை வைத்த சின்ன வீடு. மணிமண்டபத்துக்கு 1945-ல் கல்கி முயற்சியில் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், வெள்ளைக்கார ஆட்சியில். 1947 அக்டோபர் 12-ல் திறந்தார், சுதந்திரம் வந்து இரண்டு மாதத்தில். பக்கத்தில் உமறுப்புலவர் நினைவிடம். சீறாப்புராணம் பாடியவரும் இந்த ஊரோடு சேர்ந்தவர்தான்.

மறு ஆண்டு, 1948-ன் 26-ம் எண் சட்டம், எஸ்டேட் ஒழிப்பு. நாயக்கரிடமிருந்து நவாபுக்கும் நவாபிடமிருந்து கம்பெனிக்கும் கைமாறிய வரி, இடையில் ஆள் இல்லாமல் குடியானவனிடமிருந்து நேராகச் சர்க்காருக்குப் போகத் தொடங்கியது அப்போதுதான். எட்டயபுரம், ராமநாதபுரம், சிவகங்கை எல்லாம் அதில் போயின. கட்டபொம்மனைப் பிடித்துக்கொடுத்த புதுக்கோட்டை சமஸ்தானமும் அதே ஆண்டு மார்ச் 3-ல் இந்தியாவோடு சேர்ந்தது.

அரண்மனைக்கு எதிரே கருப்பட்டிக் காபி 15 ரூபாய். கடைப் பெரியவரிடம் இந்த இடம் யாருடையது என்று கேட்டதற்கு, "எங்கய்யா காலத்துல அங்ஙன குத்தகை அளந்தோம்" என்று அரண்மனையைக் கைகாட்டினார். "ஒழிப்பு வந்த பெறகு பட்டா எங்க பேருக்கு. இப்ப வருசா வருசம் வீ.ஏ.ஓ.கிட்ட கெட்டி ரசீது வாங்குதேன்." கல்லாப்பெட்டியில் சில்லறைக்கு அடியில் ரசீது நாலாக மடித்து இருந்தது. கோவில்பட்டி பஸ் வந்துவிட்டது, மீதி ஐந்து ரூபாயைக் கடலைமிட்டாயாகக் கொடுத்தார்.